பெங்குவின் யார் வீட்டுப் பெயர்?

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வெளியூர் வேலையை ஒதுக்கிவிட்டு வந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, மைக்கோடு மல்லுக்கட்டிய நூலகர் அவர்களே, வாசகர் வட்டப் பெரியோர்களே, வணக்கம். பொன்னாடைக்குப் பதில் புத்தகம் தந்தீர்கள். அதற்குத் தனி நன்றி.

கோர்கி, பெங்குவின், வேல்ஸ் மொழிப் பள்ளிகள் என்று மூன்று தலைப்பு கேட்டு வாங்கினேன். வேல்ஸ் என்பது பிரிட்டனின் மேற்கே, தனி மொழி உள்ள நாடு. கோர்கி சுலபம். எலிசபெத் ராணி வளர்த்தாரே, அந்தக் குட்டைக்கால் நாய். வேல்ஸ் மொழியில் 'கோர்' என்றால் குள்ளம், 'கீ' என்றால் நாய். முடிந்தது.

பெங்குவின்தான் வம்பு. அதுவும் வேல்ஸ் மொழிச் சொல்தான் என்கிறார்கள்: 'பென்' தலை, 'க்வின்' வெள்ளை, வெள்ளைத்தலை. ஆனால் பெங்குவினுக்குத் தலை கறுப்பாயிற்றே! தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். விசாரித்தால், அந்தப் பெயர் முதலில் வட அட்லாண்டிக்கில் இருந்த பறக்காத பெரிய ஆக் பறவைக்கு உரியது. தெற்கே போன மாலுமிகள் அதே சாயலில் வேறொன்றைப் பார்த்து, அதையும் அப்படியே கூப்பிட்டார்கள். ஆக்கின் தலையும் கறுப்புதான்; கண்ணுக்கும் அலகுக்கும் நடுவே மட்டும் ஒரு வெள்ளைத் திட்டு. லத்தீனில் 'பிங்குவிஸ்' என்றால் கொழுத்தது, அதிலிருந்து வந்தது என்று வாதிடுவோரும் உண்டு.

இதற்குள் அரசியல் புகுந்த கதையைக் கேளுங்கள். 1568-இல் மெக்சிகோ வளைகுடாக் கரையில் இறக்கிவிடப்பட்ட டேவிட் இங்கிராம் என்ற ஆங்கிலேய மாலுமி, அமெரிக்காவின் வடகிழக்கு வரை நடந்தே போனதாக ஊர் திரும்பிச் சொன்னார். யானையைக்கூடப் பார்த்தாராம்! வெள்ளைத்தலைப் பறவையை அங்குள்ளவர்கள் பெங்குவின் என்கிறார்கள் என்றும் சொன்னாராம். அமெரிக்காவில் ஆங்கிலேயரைக் குடியேற்றத் துடித்த ஜார்ஜ் பெக்காம் விடுவாரா? 1583-இல் புத்தகமே போட்டார்: அங்கே வேல்ஸ் சொல் வழங்குகிறது என்றால், வேல்ஸ் இளவரசர் மாடோக் 1170 வாக்கிலேயே அமெரிக்கா போய்விட்டார், ஆகவே அந்த மண் எலிசபெத் மகாராணிக்கே சொந்தம்! அந்தக் காலத்து எலிசபெத், கோர்கி ராணி அல்ல. ஒரு பறவையின் பெயரை வைத்து ஒரு கண்டத்துக்கே பட்டா கேட்டார்கள், ஐயா. மாடோக் போனதற்கு ஆதாரம் ஒன்றும் கிடையாது. மறுபடி சொல்கிறேன், தீர விசாரிப்பதே மெய்.

யாரை விசாரிப்பது? முதலில் பெயர் வைத்த மாலுமியிடம் யாரும் கேட்டு எழுதவில்லை. ஆக்கும் போய்விட்டது, 1844-இல் ஐஸ்லாந்தின் எல்டே தீவில் கடைசி ஜோடியைக் கொன்றார்கள். வலை இழுப்பவர், ஆடு மேய்ப்பவர் வாயிலுள்ள பறவைப் பெயர்களை இன்றே எழுதி வையுங்கள் என்று நான் ஊர் ஊராகக் கத்துவது இதற்குத்தான். வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். பறவை, அதன் பெயர், சொன்னவரின் ஊர், மூன்றையும் எழுதுங்கள். வேல்ஸ் பள்ளிகளை அடுத்த கூட்டத்தில் பார்ப்போம். தலைவர் மணியைத் தொட்டுவிட்டார்.