வெரைட்டி ஹால் சாலையும் இன்றில்லாத அரங்கும்

அவையோருக்கு வணக்கம்.

கோவை டவுன்ஹால் பகுதியில் வெரைட்டி ஹால் சாலையைத் தெரியாதவர்கள் இங்கே இருக்க மாட்டீர்கள். அந்தச் சாலைக்குப் பெயர் தந்த திரையரங்கு, பின்னாளில் டிலைட் என்று பெயர் மாறி, நூறாண்டுகளுக்கு மேல் நின்று, அண்மை ஆண்டுகளில் இடிக்கப்பட்டுவிட்டது. பெயர் மட்டும் சாலைக்கு எஞ்சியிருக்கிறது. அந்த அரங்கைக் கட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட்டைப் பற்றியும், அங்கே மக்கள் எப்படிப் படம் பார்த்தார்கள் என்பதைப் பற்றியும் பேசவே வந்திருக்கிறேன்.

1905-இல் அவர் திருச்சியில் ரயில்வே அலுவலகத்தில் வரைவாளராக வேலை பார்த்த இருபத்திரண்டு வயது இளைஞர். ஊர் ஊராகப் படம் காட்டிவந்த டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் திருச்சியில் உடல்நலம் குன்றி, ஊர் திரும்ப எண்ணித் தம் கருவியையும் ஏசுநாதர் வரலாற்றுப் படச்சுருள்களையும் விற்க முன்வந்தபோது, அவற்றை வாங்கிக்கொண்டு, மாதச் சம்பளத்தை உதறிவிட்டுக் கூடாரத்தோடு புறப்பட்டார் வின்சென்ட். தமிழகத்தோடு நில்லாமல் வடக்கே பெஷாவர் வரைக்கும் அந்தக் கூடாரம் போயிற்று. நிலையான வேலையை அக்காலத்தில் ஒருவர் விட்டது எவ்வளவு பெரிய துணிச்சல் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

1914-இல் வெரைட்டி ஹால் எழுந்தது. தென்னிந்தியாவின் முதல் நிலையான திரையரங்கு இதுவா, சென்னை மவுண்ட் ரோட்டில் 1913-இல் வந்த எலெக்ட்ரிக் தியேட்டரா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. எலெக்ட்ரிக் தியேட்டரைத் தொடங்கியவர் ஓர் ஆங்கிலேயர். முதலிடம் யாருக்கு என்பதைவிட, கூடாரம் போட்டுப் பிழைத்த ஒரு தமிழர் தலைநகருக்கு வெளியே, தம் சொந்தப் பொறுப்பில் சுவர் எழுப்பினார் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்து மின்சாரம் கோவைக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவர் சொந்தமாக மின்சாரம் எடுத்து, மின்விசையால் ஓடும் அச்சகத்தையும் நடத்தினார். அன்றைய படங்களோ பேசாதவை. திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று, திரையில் தோன்றும் எழுத்துக்களை உரக்கப் படித்து, கதையை விளக்கிச் சொல்வார். அவர் குரல் எடுபட்டால்தான் தரை டிக்கெட்டுக்காரர்களுக்குக் கதை புரியும். ஒரு சுருள் முடிந்து அடுத்த சுருளை மாட்டும் வரை ஆட்டமோ பாட்டோ நடக்கும். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவரும் இப்படித்தான் அயல்நாட்டுக் கதைகளைப் பின்தொடர்ந்தார்.

படம் பேசத் தொடங்கியதும் வின்சென்ட் தயாரிப்பிலும் இறங்கி, டி.பி. ராஜலட்சுமி நடித்த 'வள்ளி திருமணம்' 1933-இல் வெளிவரக் காரணமானார். 1942-இல் அவர் காலமானார். அரங்கு அதன் பிறகும் பல பத்தாண்டுகள் உழைத்தது. கடைசிக் காலத்தில் பழைய எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்களைக் குறைந்த கட்டணத்தில் ஓட்டியது.

தனியார் இடம்தான், மறுக்கவில்லை. ஆயினும் அதன் முகப்பையாவது பாதுகாத்திருக்கலாம் என்பது என் உறுதியான எண்ணம். இந்த அவையில் இருக்கும் பெரியவர்கள் தங்கள் வீட்டுப் பரணில் அந்த அரங்கின் டிக்கெட், நோட்டீஸ், பாட்டுப் புத்தகம் ஏதேனும் கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அங்கே ஆபரேட்டராகவோ டிக்கெட் கிழிப்பவராகவோ இருந்தவர்களைத் தெரிந்தால், அவர்கள் சொல்வதை இந்த ஆண்டே உட்கார்ந்து பதிவு செய்துவையுங்கள்.