மூச்சையும் சேர்த்து வெட்டுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒலிப்பதிவுக் கூடத்தில் எடிட்டிங் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பக்திப் பாடல் என் கைக்கு வந்தது. பாடகி பல்லவியை ஒன்பது டேக், அதாவது ஒன்பது தடவை தனித்தனிப் பதிவாக, பாடியிருந்தார். மூன்று டேக்கிலிருந்து நல்ல வரிகளைப் பொறுக்கி ஒரே ட்ராக்காகச் சேர்த்தேன். வரிகளுக்கு நடுவே கேட்ட மூச்சுச் சத்தம் அத்தனையையும் அழித்தேன். திரையில் பார்க்கத் துடைத்துவிட்ட தரை மாதிரி இருந்தது. புல்லாங்குழல் வாசிக்க வந்த பெரியவர் ஹெட்போனைப் போட்டுக் கேட்டார். பாதியிலேயே கழற்றிவிட்டு, "தம்பி, இந்தப் பொண்ணு எங்கேயும் மூச்சே விடலையே, கேட்கிற எனக்கு மூச்சு முட்டுது" என்றார்.

அன்று இரவே அழித்ததையெல்லாம் மீட்டேன். மென்பொருளில் வெட்டினாலும் மூலப் பதிவு அப்படியே இருக்கும். வெட்டிய ஓரத்தைப் பிடித்து இழுத்தால் மறைந்தது வந்துவிடும். அப்படி இழுத்து இழுத்துக் கேட்டபோதுதான் ஒன்று புரிந்தது. மூச்சு, முடிந்த வரிக்குச் சொந்தமில்லை, வரப்போகிற வரிக்குச் சொந்தம். நீளமான வரி காத்திருந்தால் ஆழமாக இழுப்பார்கள். 'ஆ' என்று தொடங்குகிற வரிக்கு வாயைத் திறந்தே இழுப்பார்கள். 'உ' என்றால் உதடு முன்பே குவியத் தொடங்கும், மூச்சின் ஒலியே வேறு. அதனால் டேக் மாறுகிற இடத்தில் வெட்டு மூச்சுக்கு முன்னால் விழ வேண்டும். மூச்சு உரக்கக் கேட்கிறதா, ஆறு டெசிபல் குறையுங்கள், போதும்.

சரி, வெட்டுவது எப்படி? சிடி தரத்தில் ஒரு நொடி ஒலி 44,100 புள்ளிகளாகப் பதிவாகிறது. திரையில் தெரியும் ஒலி அலை உச்சியில் இருக்கும்போது வெட்டி, பள்ளத்தில் இருக்கும் இன்னொரு துண்டோடு ஒட்டினால் 'டக்' என்று கேட்கும். அலை நடுக்கோட்டைத் தொடும் இடத்தில் வெட்டி, பழையது தேயப் புதியது வளரும்படி ஒரு சின்ன க்ராஸ்ஃபேட் போட வேண்டும். பத்து மில்லிநொடி இருந்தாலே பெரும்பாலும் போதும்.

காந்த நாடாக் காலத்தில் இதை பிளேடால் செய்தார்கள். கால் அங்குல நாடாவை 45 பாகை சாய்வாக வெட்டி ஒட்டுவார்கள். நாடா நொடிக்கு 15 அங்குல வேகத்தில் ஓடினால், அந்தச் சாய்வு, நாடாவைப் படிக்கும் ஒலிமுனையைக் கடக்கச் சுமார் 17 மில்லிநொடி ஆகும். அந்த நேரத்துக்குள் ஒரு துண்டு தேய்ந்து மறு துண்டு வளர்ந்துவிடும். கையால் போட்ட க்ராஸ்ஃபேட்! நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது.

சில நேரம் ஒரே சொல்லுக்குள் டேக் மாற்ற வேண்டிவரும். அங்கே தமிழே கைகொடுக்கும். 'பக்கம்', 'பட்டு', 'முத்து' என்று சொல்லிப் பாருங்கள். க்க, ட்ட, த்த வரும் இடத்தில் காற்று ஒரு கணம் அடைபட்டு நிற்கிறது. திரையில் அலை வெறும் கோடாகப் படுத்துவிடும். அங்கே வெட்டினால் எவர் காதுக்கும் எட்டாது. 'மழை', 'கண்ணன்' போன்ற சொற்களில் குரல் அறுபடாமல் ஓடுகிறது; அங்கே கைவைத்தால் வெட்டு காட்டிக்கொடுத்துவிடும்.

சுருதி திருத்தும் கருவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆட்டோ-ட்யூன் 1997இல் வந்தது. அதைக் கடுமையாக வைத்தால் குரலை ஸ்வரத்துக்கு ஸ்வரம் படிக்கட்டில் ஏற்றிவிடும். தோடி ராகத்தின் காந்தாரம், அதாவது 'க' ஸ்வரம், அசைந்துகொண்டே இருக்க வேண்டியது; அதை ஓரிடத்தில் நிறுத்தினால் தோடி போய்விட்டது. இப்படி ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகம் உள்ள இடத்தில் கருவியை அணைத்துவிடுங்கள். சுருதி உண்மையிலேயே விலகினால் பாடகரை இன்னொரு டேக் கேளுங்கள்.

பாட்டு முடிந்ததும் எல்லோரையும் அரை நிமிடம் பேசாமல் இருக்கச் சொல்லி, அந்த அறையின் அமைதியையும் நான் பதிவு செய்துகொள்கிறேன். ஏசியின் மெல்லிய இரைச்சல், சுவரில் தேங்கிய ஓசை எல்லாம் அதில் இருக்கும். நாளைக்கு வரிகளுக்கு நடுவே இடைவெளி விழுந்தால், அதே அறையிலிருந்து எடுத்து நிரப்பலாம்.