பழைய ஒற்றைக்குழல் துப்பாக்கியை வான்கோழி வேட்டைக்குத் தயார் செய்வது எப்படி?

(காட்சி: மேசையில் மடித்துத் திறந்து வைத்த ஒற்றைக்குழல் துப்பாக்கி. உள்ளே தோட்டா இல்லை என்பது தெரிய வேண்டும்.)

வணக்கம். அமெரிக்கக் கிராமப்புறங்களில் தாத்தா காலத்துச் சொத்தாக இப்படி ஒரு துப்பாக்கி பல வீடுகளில் இருக்கும். நடுவில் மடித்துத் திறந்து, ஒரே ஒரு தோட்டாவைப் போட்டு மூடி, பின்னாலிருக்கும் சுத்தியலை இழுத்துவிட்டுச் சுட வேண்டும். வின்செஸ்டர் மாடல் 37 மட்டுமே 1936 முதல் 1963 வரை பத்து லட்சத்துக்கு மேல் தயாரானது. முயல், அணில் என்று சின்ன வேட்டைக்கு வாங்கியவை இவை. காட்டு வான்கோழிக்கு அப்படியே எடுத்துப் போனால் சரிவராது.

ஏனென்றால், வான்கோழியை உடம்பில் சுடக் கூடாது. தோட்டாவுக்குள் இருக்கும் பால்ரஸ் போன்ற பொடிக் குண்டுகளை இறகும் மார்புச் சதையும் வாங்கிக்கொள்ளும். பறவை காயத்தோடு ஓடி எங்கோ கிடந்து சாகும். தலையும் கழுத்தும்தான் குறி. அந்தச் சின்ன இடத்தில் குண்டுகள் நெருக்கமாக விழ வேண்டும். நம் கையில் இருப்பதோ ஒரே தோட்டா.

(காட்சி: குழலின் பக்கவாட்டு முத்திரை, நெருக்கமாக.)

செலவு செய்வதற்கு முன் ஒரு துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டுங்கள். முறுக்கிய இரும்புப் பட்டைகளால் செய்த டமாஸ்கஸ் குழல் என்றால் சுவரில் மாட்டி அழகு பாருங்கள்; இன்றைய தோட்டாவை அதில் போடவே கூடாது. அடுத்தது, தோட்டா உட்காரும் அறையின் நீளம். பழைய குழல்கள் பல இரண்டே முக்கால் அங்குலத் தோட்டாவுக்கானவை. மூன்று அங்குலத் தோட்டாவும் அதற்குள் நுழைந்துவிடும், ஆபத்தே அங்கேதான். தோட்டாவின் முனை மடிந்திருப்பதால் நீளம் குறைவாகத் தெரியும். வெடிக்கும்போது அந்த மடிப்பு விரிய இடம் இருக்காது, அழுத்தம் எகிறும். சுத்தியலையும் சோதிக்கச் சொல்லுங்கள். பழைய வகைகள் பலவற்றில், சுத்தியல் தவறி அடிபட்டால் வெடிக்காமல் தடுக்கும் இடைத்தகடு கிடையாது.

சரி, துப்பாக்கி நலமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது சோக். குழல் வாயில் இருக்கும் குறுகலுக்குத்தான் அந்தப் பெயர்; குண்டுகளை அதிகம் சிதறவிடாமல் நெருக்கமாக அனுப்புவது அதுதான். 12 கேஜ் என்ற அளவுக் குழலின் உள்விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர். ஃபுல் சோக் என்ற இறுக்கமான வகையில் வாய் சுமார் 17.7 ஆகக் குறுகும். வான்கோழிக்கென்று வரும் சோக்குகள் பல 17-க்கும் கீழே. குழல் சுவரில் போதிய கனம் இருந்தால் மெக்கானிக் உள்ளே மரை வெட்டி, மாற்றக்கூடிய சோக் பொருத்தித் தருவார். கனம் இல்லையென்றால் வற்புறுத்தாதீர்கள். பழைய ஃபுல் சோக்கே பெரும்பாலும் போதும். குழலை வெட்டிக் குட்டையாக்கும் ஆசை வேண்டாம்: 18 அங்குலத்துக்குக் கீழே போனால் அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி அது தனிப் பதிவு தேவைப்படும் ஆயுதம்.

இந்தத் துப்பாக்கிகளில் குறிபார்க்கப் பொதுவாகக் குழலின் முன்முனையில் பாசிமணி போன்ற ஒரு சின்ன மணி மட்டும் இருக்கும். பரபரப்பில் கன்னத்தைத் தோளில் வைக்கும் மரக்கட்டையிலிருந்து தூக்கிவிட்டால் சுடுவது மேலே போய்விடும். பின்னால் இன்னொரு குறிப்புள்ளி சேர்த்தால் அந்தப் பிழை உடனே கண்ணில் படும். என்னைக் கேட்டால், வான்கோழிக்காகச் செய்யும் மாற்றங்களில் காசுக்கு அதிகப் பலன் தருவது இதுதான். ரெட் டாட் (சிவப்புப் புள்ளி காட்டும் குறிபார்க்கும் கருவி) மாட்டுவதானால் அறைக்கு மேலே குழல் கனமாக இருக்கும் இடத்தில் மட்டும் துளை போட வேண்டும்.

வான்கோழியின் பார்வை அபாரம். பளபளக்கும் குழலில் மங்கல் வண்ணத் துணி டேப் சுற்றினால் போதும். துப்பாக்கியின் பழைய மரக்கட்டை மேல் பெயிண்ட் அடிக்க எனக்கு மனம் வராது. துப்பாக்கி இலகுவாக இருப்பதால் பின்னடி பலமாக இருக்கும். அதற்குக் கட்டையின் தோளில் படும் முனையில் நல்ல ரப்பர் பட்டை போடுங்கள்.

(காட்சி: பெரிய காகிதம், நடுவில் 10 அங்குல வட்டம்.)

இனி இருப்பதிலேயே முக்கியமான வேலை. 40 கஜத்தில் காகிதத்தைக் கட்டி, துப்பாக்கியை அசையாத தாங்கியில் வைத்துச் சுடுங்கள். வட்டத்துக்குள் 100 குண்டுகளாவது விழ வேண்டும் என்பது வேட்டைக்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு. எண்ணிக்கையோடு நிறுத்திவிடாதீர்கள். கொத்தின் நடு எங்கே விழுந்திருக்கிறது? பழைய குழல்கள் இடமோ வலமோ சாய்ந்து சுடுவது சாதாரணம். அப்புறம் தோட்டாவை மாற்றிப் பாருங்கள்: 4, 5, 6 என்ற அளவு எண் கொண்ட ஈயக் குண்டுகள் ஒரே குழலில் வேறு வேறு விதமாகப் பரவும். டங்ஸ்டன் குண்டு ஈயத்தைவிட ஒன்றரை மடங்கு அடர்த்தி; பொடிக் குண்டே ஆழமாகப் போகும், எண்ணிக்கையும் கூடும். ஆனால் அது மிகக் கடினமான உலோகம். உங்கள் சோக் அதைத் தாங்குமா என்று கேட்டுக்கொண்டுதான் போட வேண்டும். எந்த அளவுக் குண்டுக்கு அனுமதி உண்டு என்பதில் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும், அதையும் பார்த்துவிடுங்கள்.

40 கஜத்தில் 100 தேறவில்லையா? 35-க்கு வாருங்கள், 30-க்கு வாருங்கள். எங்கே தேறுகிறதோ அதுதான் உங்கள் துப்பாக்கியின் எல்லை. வேட்டையன்று மரத்தடியில் உட்கார்ந்ததும் அந்தத் தூரத்தில் ஒரு புதரையோ கல்லையோ அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். ஆண் வான்கோழி அதைத் தாண்டி உள்ளே வரும்வரை சுத்தியலை இழுக்க வேண்டாம்.