கடலில் எழுந்த கரும்பாறையும் அதில் வேர்விட்ட உயிர்களும்

நேயர்களுக்கு வணக்கம்.

1963ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் அதிகாலையில், ஐஸ்லாந்து நாட்டின் தென்கரைக்கு அப்பால் மீன்பிடித்துக்கொண்டிருந்த இஸ்லெய்ஃபர் என்னும் படகின் சமையற்காரர், தொலைவில் கடலின் மேல் கரும்புகை எழுவதைக் கண்டார். ஏதோ ஒரு கப்பல் தீப்பற்றிக்கொண்டது என்று எண்ணிய படகினர், உயிர்களைக் காப்பாற்றலாம் என்று அந்தத் திசை நோக்கிச் சென்றார்கள். அங்கே கப்பல் எதுவும் இல்லை. ஏறத்தாழ 130 மீட்டர் ஆழத்தில், கடலடித் தரை பிளந்து எரிமலை வெடித்துக்கொண்டிருந்தது. ஓரிரு நாளில் நீர்மட்டத்துக்கு மேலே நிலம் தலைகாட்டியது. வடதிசை மக்களின் தொன்மக் கதைகளில் வரும் தீ அரக்கனான சுர்ட்டின் பெயரால் அதற்குச் சுர்ட்சே என்று பெயரிட்டார்கள்.

சிறு தீவு ஒன்றின் நிலவியலையும் உயிரியலையும் பிறந்த நாள் தொட்டு எழுதிவைக்க மனிதருக்குக் கிடைத்த வாய்ப்புகளுள் இதற்கு இணையானது மிக அரிது. அந்தக் குறிப்புகள் சொல்லும் செய்திகளுள் சிலவற்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில், இந்தத் தீவு எப்படிப் பிழைத்தது என்பதைப் பார்ப்போம். கொதிக்கும் பாறைக்குழம்பின்மேல் கடல்நீர் படும்போது நீர் நொடியில் ஆவியாகி வெடிக்கிறது; குழம்பு நொறுங்கிச் சாம்பலாகச் சிதறுகிறது. அப்படிக் குவிந்த சாம்பல் மேட்டை அலை எளிதாகக் கரைத்துவிடும். சுர்ட்சேயின் அருகிலேயே அதே காலத்தில் தோன்றிய சிர்ட்லிங்கூர், யோல்னிர் என்னும் இரண்டு சிறு தீவுகளும் இப்படித்தான் கரைந்து மறைந்தன. சுர்ட்சேயிலோ 1964 ஏப்ரல் தொடக்கத்திற்குள் சாம்பல் மேடு போதிய அளவு உயர்ந்து, எரிமலையின் வாய்க்குள் கடல்நீர் புகாதபடி அணைபோல் தடுத்துவிட்டது. வெடிப்பு அடங்கியது, குழம்பு ஆறாக வழிந்து, இறுகி, சாம்பலுக்குக் கவசமாயிற்று. 1967 ஜூன் 5ஆம் நாள் எரிமலை ஓய்ந்தபோது தீவின் பரப்பு ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டர். நீரும் நெருப்பும் மோதி நிகழும் இவ்வகை வெடிப்பை உலகெங்கும் உள்ள நிலவியலாளர்கள் இன்று இந்தத் தீவின் பெயராலேயே அழைக்கிறார்கள்.

இதைவிட வியப்பான செய்தி ஒன்று தீவின் உள்ளே நடந்தது. தளர்ந்த எரிமலைச் சாம்பல் கெட்டிப் பாறையாவதற்கு மிக நீண்ட காலம் பிடிக்கும் என்பது பொதுவான எண்ணமாக இருந்தது. ஆனால் சுர்ட்சேயின் அடியில் தங்கிய வெப்பமும் நீராவியும் சேர்ந்து, சாம்பலில் உள்ள கண்ணாடித் துகள்களை மாற்றி ஒன்றோடொன்று ஒட்டவைத்து, பலகோனைட் எனப்படும் பழுப்புப் பாறையைச் சில ஆண்டுகளிலேயே உருவாக்கிவிட்டன. எரிமலை ஓய்ந்து இரண்டே ஆண்டுகளில், 1969இல், அந்தப் பாறை வெளியே தென்பட்டது. 1979இல் 181 மீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு எடுத்த பாறைத்தண்டு, இந்த மாற்றம் உள்ளே எவ்வளவு விரைவாக நடக்கிறது என்பதைக் காட்டியது. 2017இல் மீண்டும் துளையிட்டபோது, வெப்பமான பாறையின் உள்ளிடுக்குகளில் வாழும் நுண்ணுயிர்களையும் ஆய்வாளர்கள் தேடினார்கள்.

இனி உயிர்களின் கதைக்கு வருவோம். வெறும் பாறையில் முதலில் பாசிகளும் லைக்கன்களும் படியும், அவை மண்ணை உண்டாக்கும், பிறகே செடிகள் வரும் என்று பள்ளிப் பாடத்தில் நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். சுர்ட்சே அந்த வரிசைக்குக் கட்டுப்படவில்லை. எரிமலை இன்னும் அடங்காத 1965ஆம் ஆண்டிலேயே, கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கடற்கரைச் செடி மணலில் முளைத்தது. பாறைப்பாசி 1967இல்தான் காணப்பட்டது. லைக்கன்கள் 1970இல் வந்தன. உப்பைத் தாங்கி, மணலில் ஆழமாக வேரோடும் வேறொரு சிறு செடிதான் நிலையாகக் காலூன்றிய முதல் குடி.

ஆயினும் முதல் இருபது ஆண்டுகள் வளர்ச்சி மெதுவாகவே நடந்தது. விதைகள் வந்தன, ஊட்டம் இல்லை. கரும்பாறையிலும் மணலிலும் நைட்ரஜன் மிகக் குறைவு. 1986இல் கடற்காகங்கள் தென்பகுதி எரிமலைப் பாறைமேல் கூட்டமாகக் கூடுகட்டத் தொடங்கியதும் நிலைமை மாறியது. அவை கடலில் உண்ட மீனின் ஊட்டம் எச்சமாகவும், சிந்திய இரையாகவும், உதிர்ந்த இறகாகவும் நிலத்தில் சேர்ந்தது. அவ்விடத்தில் புல் படர்ந்தது, பூச்சிகள் பெருகின, 1993இல் மண்புழுவும் கண்டறியப்பட்டது. தீவுக்கு வந்த செடி இனங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கைப் பறவைகளே கொண்டுவந்தன என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். செடி வந்த பின் பறவை வரும் என்று நாம் நினைப்பதற்கு மாறாக, இங்கே பறவையே செடிக்கு வழிசெய்தது. கடற்காகக் குடியிருப்பைத் தாண்டினால் இன்றும் பெரும்பாலும் வெறும் கரும்பாறையும் மணலும்தான். கடல்தான் இந்தத் தீவுக்கு எரு இடுகிறது என்ற இந்த ஒரு செய்திக்காகவே அத்தனை ஆண்டு உழைப்பும் தகும் என்பது என் கருத்து.

இவை அனைத்தையும் அறிய முடிந்ததற்குக் காரணம் 1965இல் எடுத்த ஒரு முடிவு. வெடிப்பு நடந்துகொண்டிருந்தபோதே ஐஸ்லாந்து அரசு தீவைக் காப்பகமாக அறிவித்து, அனுமதி பெற்ற ஆய்வாளர் தவிர வேறு எவரும் கால்வைக்கக் கூடாது என்று தடுத்தது. ஒருமுறை பாறையிடையே தக்காளிச் செடி ஒன்று முளைத்திருந்ததைக் கண்டு ஆய்வாளர்கள் திகைத்தார்கள். தீவில் தங்கிய ஒருவர் திறந்தவெளியில் மலம் கழித்ததே அதற்குக் காரணம் என்று தெரிந்ததும், செடியை மண்ணோடு அகற்றினார்கள். ஒரு தக்காளிச் செடிக்கா இத்தனை கவலை என்று சிலருக்குத் தோன்றலாம். மனிதர் கொண்டுவந்த ஒரு விதைகூட, தானாக வந்தவை எவை என்ற கேள்வியைக் குழப்பிவிடும். அந்தக் கண்டிப்பு எனக்கு மிகுந்த மதிப்பைத் தருகிறது. 2008இல் யுனெஸ்கோ இத்தீவை உலகப் பாரம்பரிய இடங்களின் பட்டியலில் சேர்த்தது.

தீவு இப்போது சுருங்கிக்கொண்டிருக்கிறது. அலைகள் அதன் பழைய பரப்பில் பாதிக்கு மேல் தின்றுவிட்டன. இறுகாத சாம்பலும் ஓரத்து எரிமலைப் பாறையும் தொடர்ந்து இடிந்து விழுகின்றன. ஆனால் நடுவில் உள்ள பலகோனைட் பாறை கடலுக்கு எளிதில் பணியாது என்பதால், அது நெடுங்காலம் நிற்கும் என்று நிலவியலாளர்கள் எதிர்பார்க்கிறார்கள். அருகிலுள்ள வெஸ்ட்மன்னாயர் கூட்டத்தின் பழைய சிறு தீவுகள் அந்த எதிர்காலத்தின் முன்படம்போல் நிற்கின்றன: செங்குத்தான பாறைச் சுவர், மேலே அடர்ந்த புல், அதற்குள் வளை தோண்டிக் கூடுகட்டும் பஃபின் பறவைகள், செடி இனங்களோ சிலவே. சுர்ட்சேயிலும் பஃபின்கள் 2004இல் கூடுகட்டத் தொடங்கிவிட்டன. நிலம் குறையக் குறைய, இன்று பெருகிவரும் செடி இனங்களும் ஒரு கட்டத்துக்குப் பின் குறையத் தொடங்கும் என்று தாவரவியலாளர்கள் முன்கூட்டியே எழுதிவைத்திருக்கிறார்கள். அந்தக் கணிப்பு சரியா என்று பார்ப்பதற்காக, ஒவ்வொரு கோடையிலும் ஒரு சிறு குழு அங்கே இறங்கி, அடையாளமிட்ட அதே நிலத்துண்டுகளில் செடிகளை எண்ணிவிட்டுத் திரும்புகிறது.

வணக்கம்.