மீன் மட்டும் உள்ள உப்புநீர்த் தொட்டி: ஸ்கிம்மரா, பயோபெல்லட்டா? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

வணக்கம். சிங்கப்பூர் ஈசூன்ல இருந்து ஒரு நேயர் கேட்டிருக்கார்: "அண்ணா, 4 அடி தொட்டி, தண்ணி சுமார் 400 லிட்டர். பவளம் கிடையாது, மீன் மட்டும்தான். ஒரு ட்ரிகர், ஒரு ஏஞ்சல், ரெண்டு டாங். கேனிஸ்டர் ஓடுது. வாரம் தவறாம 10 சதவீதம் தண்ணி மாத்துறேன். அப்படியும் நைட்ரேட் 80-லயே நிக்குது. ஸ்கிம்மர் வாங்கவா, பயோபெல்லட் ரியாக்டர் வாங்கவா?"

புதுசாப் படிக்கிறவங்களுக்கு ஒரு வரி: கேனிஸ்டர்னா தொட்டிக்கு வெளிய இருக்கிற மூடின ஃபில்டர். ஸ்கிம்மர், கழிவை நுரையா வெளிய எடுக்கிற கருவி. பயோபெல்லட், பாக்டீரியாவுக்குத் தீனியாகிற குருணை; அதைப் போட்டுத் தண்ணி ஓட விடுற குழாய்தான் ரியாக்டர். நைட்ரேட், மீன் கழிவு கடைசியா மாறி நிக்கிற பொருள்; 80-ன்னா லிட்டருக்கு 80 மில்லிகிராம். இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. ஏன்னா 10, 80, இந்த ரெண்டு எண்ணுக்குள்ளேயே பதில் இருக்கு. எதை வாங்கணும்னு கேட்டிருக்கீங்க. வாரத்துக்கு எத்தனை கிராம் தீனி போடுறீங்கன்னு சொல்லல. நான் அங்கேருந்துதான் ஆரம்பிக்கணும்.

வாரத்துக்கு 10 கிராம் காய்ந்த தீனின்னு வச்சுக்குவோம். அதுல பாதி புரதம், 5 கிராம். புரதத்துல 16 சதவீதம் நைட்ரஜன், அதாவது 0.8 கிராம். அது முழுக்க நைட்ரேட்டா மாறினா சுமார் 3.5 கிராம். 400 லிட்டர்ல கரைச்சா லிட்டருக்கு 9 மில்லிகிராம் கிட்ட வரும். கொஞ்சம் மீன் உடம்புல தங்கிடும், அதனால 8-ன்னு எடுத்துக்கலாம். இப்போ பாருங்க. வாரத்துக்கு 8 ஏறுது. 80-ல 10 சதவீதத்தை மாத்தினா இறங்குறதும் 8. ஏறுறதும் இறங்குறதும் சரியாப் போச்சு, அதனாலதான் அங்கேயே நிக்குது. உங்க ஃபில்டர்ல கோளாறு எதுவும் இல்ல.

நான் எப்பவும் சொல்றதுதான்: உள்ளே போனது வெளியே வந்தாத்தான் கணக்கு தீரும். தண்ணி மாத்துறதை 20 சதவீதம் ஆக்கினா அது 40-ல போய் நிக்கும். 10 சதவீதத்தையே வச்சுக்கிட்டு தீனியைப் பாதியாக்கினாலும் 40 தான், ஆனா மெதுவா இறங்கும். ரெண்டையும் செஞ்சா 20. மீன் மட்டும் இருக்கிற தொட்டிக்கு 40-க்குக் கீழே இருந்தாப் போதும். பவளம் வளர்க்கிறவங்க சொல்ற 5, 10 எல்லாம் உங்களுக்கு வேண்டாம். உங்களுக்கு, மீனைக் கொல்ற அமோனியாவும் நைட்ரைட்டும்தான் பூஜ்யமா இருக்கணும்.

ஆனா முதல்ல, அது நிஜமாவே 80 தானான்னு பாருங்க. டெஸ்ட் கிட் அட்டையில 80-க்கும் 160-க்கும் சிவப்பு கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஒரு பங்கு தொட்டித் தண்ணியோட நாலு பங்கு ஆர்ஓ (சுத்திகரிச்ச) தண்ணி கலந்து சோதிங்க, வர்ற எண்ணை 5-ஆல பெருக்குங்க. சொட்டு மருந்து கிட்டா இருந்தா ரெண்டாவது பாட்டிலை அரை நிமிஷம் நல்லா குலுக்கணும். அடியில படிஞ்சது கலக்கலன்னா அளவு குறைச்சுக் காட்டும்.

இப்போ கருவிக்கு வர்றேன். கேனிஸ்டர்ங்கிறது சமையலறையில மூடி போட்ட குப்பைத் தொட்டி மாதிரி. குப்பை கண்ணுல படாது, ஆனா வீட்டுக்குள்ளதான் இருக்கு. அதை எடுத்துட்டுப் போய் சூட்ல (மாடிக் குப்பைக் குழாயில) போட்டாத்தான் வீட்டை விட்டுப் போகும். ஃபில்டர் பஞ்சுல மாட்டின எச்சமும் அதே தண்ணியிலதான் ஊறிக்கிட்டிருக்கு. பஞ்சை மூணு நாலு நாளைக்கு ஒரு தடவை மாத்துங்க. உள்ளே இருக்கிற பீங்கான் வளையங்களை குழாய்த் தண்ணியில கழுவாதீங்க. சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணியில இருக்கிறது குளோரமைன், அது நல்ல பாக்டீரியாவைக் கொன்னுடும். வாளியில ஒரு நாள் வச்சாலும் போகாது. மருந்து போட்டு உடைச்சா அமோனியா வெளிய வரும், அதனால அமோனியாவையும் கட்டுற மருந்தாப் பார்த்து வாங்குங்க. இன்னொண்ணு, கரண்ட் போயி கேனிஸ்டர் மணிக்கணக்கா நின்னிருந்தா அப்படியே ஓட விட்டுடாதீங்க. உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து தண்ணி நாறிப்போயிருக்கும். கொட்டி அலசிட்டு ஓட விடுங்க.

ஸ்கிம்மர் குப்பையைச் சூட்ல போடுற வேலையைச் செய்யும். அழுகுறதுக்கு முன்னாடியே நுரையாக் கோப்பைக்கு ஏத்திடும். ஆனா அது நைட்ரேட்டை எடுக்காது. மீன் விடுற நைட்ரஜன்ல பெரும்பகுதி செவுள் வழியா அமோனியாவா நேரா தண்ணியில கலக்குது, அதை நுரை பிடிக்க முடியாது. அதனால ஸ்கிம்மர் மாட்டிட்டு 80 இறங்கி 10 ஆகும்னு காத்திருக்காதீங்க.

அப்படீன்னாலும் வாங்குங்கன்னுதான் சொல்வேன், காற்றுக்காக. அது குமிழி விட்டு நுரைக்கிறப்போ தண்ணியில ஆக்சிஜனும் கலக்கும். கடல் தண்ணி 25 டிகிரியில லிட்டருக்கு சுமார் 6.7 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடிச்சு வைக்கும், 30-ல 6.2 தான். சில்லர் (தண்ணியைக் குளிர வைக்கிற கருவி) இல்லாத வீவக அடுக்குமாடி வீட்டுல மத்தியானம் அந்த 30 சாதாரணமா வந்துடும். பெரிய மீனுக்கு அந்த அரை மில்லிகிராமும் முக்கியம். பெட்டியில போட்டிருக்கிற கொள்ளளவை நம்பாதீங்க, 600-லேருந்து 800 லிட்டர்னு போட்டதை எடுங்க. சம்ப் (தொட்டிக்குக் கீழே வைக்கிற ஃபில்டர் தொட்டி) இல்லன்னா பக்கவாட்டுல தொங்கவிடுற வகை கிடைக்கும். முதல் ரெண்டு வாரம் நுரை தாறுமாறா வரும், அப்புறம்தான் அடங்கும். கோப்பைக் கழுத்துல ஒட்டுற பழுப்பு எண்ணெய்ப் பசையை ரெண்டு நாளைக்கு ஒரு தடவை துடைங்க. அந்தப் பசை இருந்தா நுரை மேலேறாம உடைஞ்சு திரும்ப விழுந்துடும்.

பயோபெல்லட் இப்போ வேண்டாம். பாக்டீரியாவுக்குத் தீனி போட்டு நைட்ரேட்டைத் தின்ன வைக்கிற முறை அது. பெருகுன பாக்டீரியாவை வெளிய எடுக்க ஸ்கிம்மர் கட்டாயம் வேணும். ரியாக்டர்லேருந்து வர்ற தண்ணி ஸ்கிம்மர் வாய்ப்பக்கம் விழணும். அது இல்லாம மாட்டினா தண்ணி பால் மாதிரி ஆகி, ஆக்சிஜன் குறைஞ்சு, விடியக்காலையில மீன் மேலே வந்து வாய் பிளக்கும்.

அதனால சமையலறைத் தராசுல ஒரு வாரத் தீனியை எடை போட்டு, ஏழு சின்ன டப்பாவாப் பிரிச்சு வைங்க. உறைஞ்ச மைசிஸ் (குட்டி இறால் மாதிரி தீனி) போட்டா வடிகட்டியில கரைச்சு அந்தச் சாறைக் கீழே ஊத்திடுங்க. வாரம் 80 லிட்டர் மாத்துங்க, அதுக்கு உப்பு சுமார் 3 கிலோ ஆகும். ஒவ்வொரு தடவையும் மாத்துறதுக்கு முன்னாடி அளந்து எழுதி வைங்க. தீனி 10 கிராமாவே இருந்தாலும் ஆறு வாரத்துல 50 கிட்ட வந்திருக்கணும். வரலன்னா அந்த ஆறு எண்ணையும் தீனி கிராமையும் எழுதி அனுப்புங்க, சேர்ந்து பார்ப்போம்.