யார் பாடுவதற்காக எழுதினார் ஐஸ்லர்?

அவையோருக்கு வணக்கம்.

ஓர் இசைக்கலைஞர் அரசியலில் இறங்கிவிட்டால், 'இனி இவர் சங்கீதம் அவ்வளவுதான்' என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஜெர்மானிய இசையமைப்பாளர் ஹன்ஸ் ஐஸ்லரையும் அப்படித்தான் ஒதுக்கினார்கள். அது பெரிய அநியாயம் என்று சொல்லவே இந்த மேடைக்கு வந்திருக்கிறேன்.

1898-ல் லைப்சிக்கில் பிறந்து, வியன்னாவில் வளர்ந்தவர். முதல் உலகப் போரில் சிப்பாயாக இருந்துவிட்டு வந்து, நவீன இசையின் முன்னோடியான ஆர்னால்ட் ஷோன்பெர்க்கிடம் மாணவராகச் சேர்ந்தார். கையில் காசில்லாத மாணவருக்கு ஷோன்பெர்க் இலவசமாகவே சொல்லிக்கொடுத்தார். அப்படிப்பட்ட குருவோடுதான் 1926-ல் உறவு முறிந்தது. மிகச் சிலருக்கு மட்டுமே எட்டுகிற நவீன இசை ஐஸ்லருக்குக் கசந்துபோயிருந்தது. பெர்லினில் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்தார், தொழிலாளர் பாடகர் குழுக்களுக்கு எழுத ஆரம்பித்தார். பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு மாலையில் ஒத்திகைக்கு வருகிற மனிதர்கள் அவர்கள்.

அவரது கொள்கை இசைக்குள் எப்படி இறங்கியது என்பதை இங்கேதான் பார்க்க வேண்டும். 1930-ல் நாடக ஆசிரியரும் கவிஞருமான பெர்டோல்ட் பிரெக்டோடு சேர்ந்து 'எடுக்கப்பட்ட நடவடிக்கை' என்ற நாடகத்தைச் செய்தபோது, பாடகர்களுக்குக் குறிப்புகள் எழுதிக்கொடுத்தார். உருகி உருகி, அழகாகப் பாடாதீர்கள். பொதுக்கூட்டத்தில் அறிக்கை வாசிப்பதுபோல், தாளம் பிசகாமல், கூர்மையாகச் சொல்லுங்கள் என்பது அவற்றின் சாரம். 'கூலே வாம்பே' படத்துக்கு அவர் அமைத்த ஒற்றுமைப் பாடலைக் கேட்டுப்பாருங்கள். ஊர்வல நடைதான், ஆனால் வெற்றிக் களிப்பு தருகிற மேஜர் சுர வரிசையில் போகாமல், சோகம் தொனிக்கிற மைனர் வரிசையில் போகிறது. பசியோடு நடப்பவர்களிடம் பொய்யான குதூகலத்தை அவர் திணிக்கவில்லை. குருவிடம் கற்ற நேர்மையும் அதில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

1933-ல் ஹிட்லர் வந்ததும் நாடுவிட்டு அலைய நேர்ந்தது. 1938-ல் அமெரிக்கா சேர்ந்து, பிறகு ஹாலிவுட் போனார். படங்களுக்கு இசையமைத்தார், இரண்டு முறை ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார். என்னைக் கேட்டால், அவருடைய உச்சம் அந்தப் படங்களில் இல்லை. அங்கே யாரும் கேட்காமல் அவர் எழுதிவைத்த சின்னச் சின்னப் பாடல்களில்தான் இருக்கிறது. பிரெக்டின் கவிதை ஒன்று: நாடுவிட்டு ஓடுகிறவன், வால்வு உடைந்துவிடாமல் தன் சிறு வானொலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைகிறான். எதிரிகளின் வெற்றிச் செய்திகளைக் கேட்கவாவது அது வேண்டுமே! ஐஸ்லர் அதற்கு இதமான, அமைதியான மெட்டு போட்டிருக்கிறார். அந்த இதம்தான் நம் வயிற்றைப் பிசைகிறது. அதே காலத்தில் 'மழையை வர்ணிக்கப் பதினான்கு வழிகள்' என்ற படைப்பை, பன்னிரண்டு சுரங்களையும் சமமாக நடத்துகிற ஷோன்பெர்க்கின் பன்னிரு சுர முறையில் எழுதி, அவரது எழுபதாவது பிறந்தநாளுக்குக் காணிக்கையாக்கினார். கொள்கைக்காகப் பிரிந்தவர், கற்ற வித்தையைக் கைவிடவே இல்லை.

1947-ல் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைக் குழு கம்யூனிஸ்ட் தொடர்பைக் காட்டி ஐஸ்லரைக் கூண்டில் ஏற்றியது. உடன்பிறந்த அக்காவே எதிராகச் சாட்சி சொன்னார். ஆரன் கோப்லண்ட், லெனர்ட் பெர்ன்ஸ்டைன் போன்ற அமெரிக்க இசையமைப்பாளர்கள் துணை நின்றும் பயனில்லை. 1948-ல் வெளியேற வேண்டியதாயிற்று.

சரி, தன் கொள்கை ஆட்சி செய்கிற நாட்டிலாவது நிம்மதி கிடைத்ததா? கிழக்கு ஜெர்மனியின் தேசியகீதத்துக்கு 1949-ல் மெட்டமைத்தவரே அவர்தான். ஆனால் விவசாயப் புரட்சியைக் காட்டிக்கொடுத்த அறிவாளியாக, சாத்தானோடு ஒப்பந்தம் போட்ட ஜெர்மானியக் கதை நாயகன் ஃபாஸ்டைச் சித்திரித்து ஓர் ஆபெராவுக்கு (இசை நாடகத்துக்கு) வசனம் எழுதியபோது, ஜெர்மானியப் பண்பாட்டையே இழிவுபடுத்திவிட்டார் என்று 1953-ல் ஆளும் கட்சிப் பத்திரிகையே பாய்ந்தது. இசையெழுதும் உந்துதலே போய்விட்டது என்று கட்சியின் மத்தியக் குழுவுக்குக் கடிதம் எழுதினார். அந்த ஆபெரா இசை பெறவே இல்லை. எதிரி துரத்தியதைவிட, தோழர்கள் செய்த இந்தக் காரியம்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

அதற்காக அவர் கொள்கை மாறிவிடவுமில்லை. 1962-ல் பாரிட்டோன் என்னும் நடுத்தர ஆண் குரலுக்கும் நரம்பிசைக் கருவிகளுக்கும் 'தீவிரப் பாடல்கள்' என்ற தொகுப்பை முடித்தார். அதில் ஒரு பாடலின் பெயர் 'இருபதாவது கட்சி மாநாடு', ஸ்டாலினின் குற்றங்களை அவருக்குப் பின் வந்த சோவியத் தலைவர் குருஷ்சேவ் 1956-ல் போட்டுடைத்த அதே சோவியத் மாநாடு. அந்தப் பாடல் கேட்பது பயமில்லாமல் வாழ்வதை. அரங்கேற்றத்தைப் பார்க்காமலே அந்த ஆண்டு செப்டம்பர் 6-ல் பெர்லினில் ஐஸ்லர் காலமானார்.

நன்றி, வணக்கம்.