தென்னந்தூரை அரைத்த தூளைக் குவித்து வைக்காதீர்கள்! உள்ளே என்ன வளர்கிறது தெரியுமா?

[காட்சி: தோப்பு ஓரத்தில் இடுப்பளவு மரத்தூள் குவியல்]

வணக்கம் மக்களே! திரையில் தெரிகிற குவியலைப் பாருங்கள். வெறும் மரத்தூள்தானே, மழையில் தானாக மட்கிவிடும் என்று விட்டுவிடத் தோன்றும். அமெரிக்காவின் ஹவாய்த் தீவுகளில் அப்படி விட மாட்டார்கள். அங்கே ஒவாஹு தீவிலிருந்து மரத்தூளையும் மட்கையும் இஷ்டத்துக்கு வேறு தீவுக்கு ஏற்றிப் போக முடியாது, அரசு கட்டுப்பாடு. ஒரு வண்டுக்குப் பயந்துதான் இவ்வளவும். அந்த வண்டு நமக்கு நன்றாகவே தெரிந்த ஆள்.

முதலில் கதைச் சுருக்கம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத்தில் தோப்பு தோப்பாகத் தென்னை சாய்ந்தது. தண்டை அறுத்து அப்புறப்படுத்தலாம், தூரை என்ன செய்வது? தோண்டி எடுக்க ஜேசிபி. இல்லையென்றால் ஸ்டம்ப் கிரைண்டர், அதாவது பல் வைத்த சக்கரம் சுற்றித் தூரை ஓரடி ஆழம் வரை சுரண்டித் தூளாக்கும் இயந்திரம். கட்டையாக இருந்தது தூளானதும் இரண்டு மூன்று மடங்கு பொங்கிவிடும். அதனால் வந்த குழிக்குள்ளேயே எல்லாம் அடங்காது.

[காட்சி: உள்ளங்கையில் சுருண்டு கிடக்கும் வெள்ளைப் புழு]

இனிதான் விஷயம். காண்டாமிருக வண்டு. தலையில் கொம்பு, கறுப்பு உடம்பு, பார்க்க அழகன்தான். பெண் வண்டு பச்சை மரத்தில் முட்டையிடாது. எருக்குழி, மட்கும் தூர், ஈரமான மரத்தூள் குவியல், இவைதான் அதற்குப் பிரசவ ஆஸ்பத்திரி. முட்டையிலிருந்து வரும் புழு மூன்று முதல் ஆறு மாதம் வரை அங்கேயே தின்று கொழுத்துக் கிடக்கும். வெளியே இருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. பிறகு கூட்டுப்புழுவாகி, வண்டாகி, ராத்திரியில் பறந்து போய் ஏதோ ஒரு தென்னையின் குருத்தைத் துளைக்கும். அந்த மட்டை விரியும்போது கத்தரிக்கோலால் விசிறி மாதிரி வெட்டியது போல இருக்கும். ஆக, பக்கத்துத் தோப்புக்காரர் மருந்து மருந்தாக அடித்துக்கொண்டிருப்பார், புழுவோ நம் குவியலில் நிம்மதியாக வளர்ந்துகொண்டிருக்கும். வரப்புத் தகராறே தீராத ஊரில் இது வேறு வேண்டுமா?

இந்த வண்டின் பயணக் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1909இல் இலங்கையிலிருந்து போன ரப்பர் கன்றுகளோடு ஒட்டிக்கொண்டு பசிபிக் கடலிலுள்ள சமோவா தீவில் இறங்கியது. அங்கிருந்து பசிபிக் தீவுகள் பலவற்றுக்கும் பரவியது. 1960களில் மலாயாவில் இதைத் தாக்கும் வைரஸ் ஒன்றைக் கண்டுபிடித்து, சமோவாவில் கொண்டுபோய் விட்டார்கள். வண்டுக்குச் சளி பிடிக்க வைத்து அனுப்பின மாதிரி, போகிற இடமெல்லாம் தன் இனத்துக்கே பரப்பியது. என்ன மூளை! ஆனால் அதே பசிபிக்கில் குவாம் தீவில் 2007இல் வந்து இறங்கிய வகையிடம் அந்த வைரஸ் பலிக்கவில்லை. அங்கே 2015இல் புயலடித்தது, விழுந்த மரங்களின் கழிவு எங்கும் கிடந்தது, வண்டு பெருகித் தென்னைகளைக் காலி செய்தது. கஜாவைப் பார்த்த டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உங்கள் பக்கம் குருத்து வெட்டு எப்படி இருக்கிறது என்று கமென்டில் ஊர்ப் பெயரோடு போடுங்கள்.

சரி, தூளை என்ன செய்வது? பரப்புங்கள். மூன்று அங்குலத்துக்கு மேல் வேண்டாம். இப்படி மண்ணை மூடும் மெல்லிய மூடாக்கு காய்ந்துகொண்டே இருக்கும், புழுவுக்கு வேண்டிய ஈரமும் ஆழமும் அதில் கிடைக்காது. தண்டை ஒட்டியும் வீட்டுச் சுவரை ஒட்டியும் போடாதீர்கள், கறையான் விருந்துக்கு வந்துவிடும். மண்ணோடு கலந்து உழவும் கூடாது. மரத்தில் கரி, அதாவது கார்பன் அதிகம், தழைச்சத்து, அதாவது நைட்ரஜன் மிகக் குறைவு. அதை மட்க வைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலிருக்கும் தழைச்சத்தைப் பிடுங்கிக்கொள்ளும், செடி மஞ்சளாகும். மேலே கிடந்தால் அந்தப் பிரச்சினை பெரிதாக வராது.

குவித்துத்தான் ஆக வேண்டும் என்றால் அடிக்கடி கிளறுங்கள். வரும் புழுவைக் கோழி பார்த்துக்கொள்ளும். பச்சை மஸ்கார்டைன் என்னும் மெட்டாரைசியம் பூஞ்சையை ஈரமாக இருக்கும்போது கலந்துவிட்டால் புழு செத்துப் பச்சை பூத்துக் கிடக்கும். சீக்கிரம் மட்க வேண்டுமா? கோவை வேளாண் பல்கலைக்கழகம் தென்னை நார்க்கழிவுக்குச் சொல்லும் வழியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டன்னுக்கு 5 கிலோ யூரியா, கூடவே சிப்பிக் காளான் வித்து, அடுக்கடுக்காக. நார்க்கழிவில் 112க்கு 1 என்றிருந்த கரி, தழைச்சத்து விகிதம் ஒரு மாதத்தில் 24க்கு 1 ஆகிறது. நம் தூளில் சில்லுகள் பெரியவை, அதைவிட நாளாகும்.

ஒரே ஒரு தூரை மட்டும் இப்படிச் செய்யாதீர்கள். மரம் சாகும் முன் அடித்தண்டில் செம்பழுப்பு நீர் வடிந்திருந்தால் அது தஞ்சாவூர் வாடல். 1952 புயலுக்குப் பிறகு தஞ்சைப் பக்கம் கண்டறிந்த பூஞ்சை நோய். அந்தத் தூரையும் தூளையும் எரித்துவிட்டு, இயந்திரத்தின் பல்லைக் கழுவிய பிறகே அடுத்த தோப்புக்கு விடுங்கள்.

குழியைத் தூளால் நிரப்பாமல் மண்ணால் நிரப்புங்கள். தூள் மட்க மட்க இடம் உள்வாங்கும். மேலே களமோ தளமோ போடப் போகிறீர்கள் என்றால் கைப்பிடித் தூள்கூட மிச்சம் விடாமல் அள்ளிவிட்டு, மண்ணை அடுக்கடுக்காகப் போட்டுத் தண்ணீர் ஊற்றி இடியுங்கள்.